ஒரே ஊரில் இரண்டு பொதுவுடைமைகள்

1825ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வாபாஷ் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். சிலுவை வடிவத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட தேவாலயத்தில் மக்கள் கூடியிருக்கிறார்கள். பேச எழுந்தவர் போதகர் அல்லர். பிரிட்டனில் பஞ்சாலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டிய ராபர்ட் ஓவன். உலகத்தில் உள்ள மதங்கள் எல்லாமே மனிதனைத் தவறான பாதையில் இட்டுச் சென்றுவிட்டன என்று எட்டு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் பலர் அறியச் சொன்னவர் அவர். இனி இந்த ஊரில் சுயநலத்தின் இடத்தில் கூட்டு வாழ்க்கை வரும், அதற்காகவே தாம் வந்திருப்பதாக அன்று அவர் அறிவித்தார்.

மதங்களை ஏற்காத ஒருவருக்குத் தேவாலயம் எப்படி மேடையாயிற்று? விடை எளியது. அவர் அந்த ஊரையே விலைக்கு வாங்கியிருந்தார். வீடுகள், ஆலைகள், திராட்சைத் தோட்டங்கள், சுமார் 20,000 ஏக்கர் நிலம், எல்லாவற்றையும் சேர்த்து வாங்கியிருந்தார். விற்றவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ விசுவாசிகள். அவர்களும் அதே ஊரில் பத்து ஆண்டுகள், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தவர்கள்தாம்.

அதே மண், அதே வீடுகள், அதே கூட்டுடைமைக் கொள்கை. விசுவாசிகளின் சமூகம் இடம் மாறி மாறி மொத்தம் நூறு ஆண்டுகள் நீடித்தது. ஓவனின் சமூகம் இரண்டே ஆண்டுகளில் கலைந்தது. ஏன் இந்த வேறுபாடு? சமயப் பிரசங்கங்களில் இதற்கு ஒரு பதில் உண்டு. சோசலிச மேடைகளில் வேறொரு பதில் உண்டு. இரண்டும் பாதியளவுதான் சரி என்பதை வரலாறு காட்டுகிறது.

எருசலேமில் தொடங்கியது

கிறிஸ்தவத்துக்கும் கூட்டுடைமைக்கும் உள்ள உறவு 19ஆம் நூற்றாண்டில் யாரோ கண்டுபிடித்ததன்று. புதிய ஏற்பாட்டில் ‘அப்போஸ்தலர் நடபடிகள்’ என்ற நூலின் இரண்டாம், நான்காம் அதிகாரங்களிலேயே அது இருக்கிறது. எருசலேமில் இயேசுவைப் பின்பற்றியவர்கள் நிலத்தையும் வீட்டையும் விற்றார்கள். வந்த பணத்தை அப்போஸ்தலரிடம் கொண்டு வந்து வைத்தார்கள். அது அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டது. யாரும் தன் பொருளைத் ‘தன்னுடையது’ என்று சொல்லவில்லை.

அடுத்த அதிகாரத்தையும் படிக்க வேண்டும். அங்கே ஒரு கணவனும் மனைவியும் நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொள்கிறார்கள். பொய் வெளிப்பட்டதும் இருவரும் அடுத்தடுத்து அங்கேயே விழுந்து இறந்தார்கள் என்கிறது நூல். பகிர்ந்து வாழும் ஆசையும், ஒளித்து வைப்பவனை என்ன செய்வது என்ற கேள்வியும் ஒன்றாகவே பிறந்துவிட்டன.

பிற்காலத் திருச்சபை இந்த வாழ்க்கையைத் துறவிகளுக்கு ஒதுக்கியது. மடத்தில் இருப்பவர்க்குச் சொத்து இல்லை, ஊரில் இருப்பவர்க்கு உண்டு என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. அதை ஏற்காத சிறு குழுக்கள் அவ்வப்போது தோன்றின. 1528இல் மொராவியாவில், தங்கள் நம்பிக்கைக்காக வெளியேற்றப்பட்ட ஒரு கூட்டம், வழியில் ஒரு மேலங்கியைத் தரையில் விரித்து, கையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டது. ஹட்டரைட் என்று இன்று அழைக்கப்படும் சமூகம் அங்கிருந்துதான் வருகிறது.

புத்தகத்தை எரித்தவர்கள்

வாபாஷ் கரைக்கு வந்த ஜெர்மானியர்களின் தலைவர் ஜார்ஜ் ராப். 1757இல் வூர்ட்டெம்பர்க் நாட்டின் இப்டிங்கன் என்ற கிராமத்தில் பிறந்த நெசவாளர். அரசுத் திருச்சபையில் உயிர் இல்லை என்று சொல்லி வீட்டிலேயே கூட்டம் நடத்தினார். கூட்டம் பெருகியது. அதிகாரிகள் விசாரித்தார்கள், 1791இல் சில நாள் காவலிலும் வைத்தார்கள். கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது, அதற்கு ஒரு கூட்டம் தயாராக இருக்க வேண்டும் என்பது ராப்பின் உறுதி. 1803இல் அவர் அமெரிக்கா சென்று நிலம் பார்த்தார். அடுத்த ஆண்டு அவருடைய மக்கள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தார்கள்.

1805 பிப்ரவரி 15ஆம் தேதி பென்சில்வேனியாவில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொருவரும் பணம், நிலம், உழைப்பு எல்லாவற்றையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். உணவு, உடை, நோய், முதுமை எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். இதில் பக்தி மட்டும் இருந்தது என்று எண்ணக்கூடாது. வந்தவர்களில் பலர் ஏழைகள். தனித்தனியே நிலம் வாங்க அவர்களால் முடிந்திராது. வேத வசனம் ஒரு பக்கம் தள்ள, வயிற்றுப்பாடு மறுபக்கம் தள்ள, கூட்டுடைமை உருவாயிற்று.

1807இல் சமூகத்தில் ஒரு பக்தி எழுச்சி. அதன் விளைவாகத் திருமண வாழ்வைத் துறப்பது என்ற வழக்கம் வந்தது. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் அண்ணன் தங்கையாக இருக்க வேண்டும். வாலிபர்கள் சிலர் பொறுக்க முடியாமல் வெளியேறினார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள்.

1814இல் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல். முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 120 பேர் மாண்டார்கள். மலாயாவில் காடு அழித்துத் தோட்டம் போட்டவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. சதுப்பை வடித்தபிறகு காய்ச்சல் தணிந்தது. பத்தாண்டுகளில் சுமார் 800 பேர் கொண்ட அந்த ஊர், கம்பளித் துணி, விஸ்கி, பீர், காலணி என்று பலவற்றைச் செய்து படகுகளில் நியூ ஆர்லியன்ஸ் வரை அனுப்பியது. தாம் விற்ற மதுவைத் தாமே மிதமிஞ்சிக் குடிக்காதவர்கள் என்பதால் வியாபாரமும் கெடவில்லை. கணக்கு வழக்கைப் பார்த்தவர் ராப்பின் வளர்ப்பு மகன் ஃபிரெடரிக். 1816இல் இண்டியானா மாநிலத்தின் அரசியலமைப்பை எழுதிய மாநாட்டில் அவரும் ஓர் உறுப்பினர்.

இந்தச் சமூகத்தின் கதையில் மிக முக்கியமான நாள் 1818இல் வந்தது. எந்தக் குடும்பம் எவ்வளவு கொண்டுவந்து கொடுத்தது என்று எழுதி வைத்திருந்த புத்தகத்தை அன்று தீயில் போட்டார்கள். அதுவரை வெளியேறும் ஒருவர், தாம் கொடுத்ததை வட்டியில்லாமல் திரும்பப் பெறலாம் என்று உடன்படிக்கை சொன்னது. கணக்கே இல்லாத பிறகு எதைக் கேட்பது? பெரிய பண்ணையோடு வந்தவனும் வெறுங்கையோடு வந்தவனும் அன்று முதல் சமம். அன்று முதல் திரும்பிப் போகும் பாதையும் குறுகிவிட்டது. ஒரே தீ இரண்டையும் செய்தது.

கணக்கு எழுதியவர்கள்

ராபர்ட் ஓவன் வெறும் கனவு காண்பவர் அல்லர். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்காமல் பள்ளிக்கு அனுப்பியவர். அப்படிச் செய்தும் லாபம் ஈட்ட முடியும் என்று காட்டியவர். ராப்பின் சமூகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு 1820இல் அவருக்குக் கடிதமும் எழுதியிருந்தார். ராப் ஊரை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டாலர் கொடுத்து வாங்கிவிட்டார். வாஷிங்டன் சென்று நாடாளுமன்ற மண்டபத்தில் இருமுறை உரையாற்றினார். பதவி விடும் அதிபரும் பதவி ஏற்கும் அதிபரும் கேட்டார்கள். ஊருக்கு ‘நியூ ஹார்மனி’ என்று பெயர் வைத்தார்.

சில வாரங்களிலேயே நூற்றுக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். உண்மையான இலட்சியவாதிகள் இருந்தார்கள். வேலை செய்யாமல் விவாதிக்க வந்தவர்கள் இருந்தார்கள். ஓவன் சோறு போடுவார் என்று வந்தவர்களும் இருந்தார்கள். யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. எல்லாரையும் வரவேற்ற இந்தச் சமத்துவச் சமூகம், கறுப்பினத்தவரை மட்டும் உறுப்பினராக ஏற்கவில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

ஓவனோ ஜூன் மாதமே பிரிட்டனுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் வந்தார். ராப்பின் மக்கள் விட்டுச் சென்ற பட்டறைகள் இருந்தன, அவற்றை ஓட்டத் தெரிந்த கைகள் போதவில்லை. பேசத் தெரிந்தவர்கள் நிறைய, தறி ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு.

இங்கும் ஒரு புத்தகம் இருந்தது. ஒவ்வோர் உறுப்பினரின் உழைப்பின் மதிப்பும் கணக்கில் ஏறியது. அதற்கு ஈடாகப் பொதுக் கடையில் பொருள் எடுக்கலாம். நியாயமான முறைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு உழைத்தான், எவ்வளவு எடுத்தான் என்ற பேச்சு எழ அதுவே இடமாயிற்று. 1826 பிப்ரவரியில் முழுச் சமத்துவம் என்று புதிய அரசியலமைப்பு இயற்றினார்கள். அதே ஆண்டில் சமூகம் துண்டு துண்டாகப் பிரிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முரண்பாடு. எல்லாம் பொது என்றார்கள், ஆனால் நிலத்தின் பத்திரம் ஓவன் கையிலேயே இருந்தது. அதை யார், என்ன விலைக்கு வாங்குவது என்ற பேரமே தீரவில்லை. கடைசியில் ஓவனும் அவருடைய பங்காளியான அறிஞர் வில்லியம் மக்ளூரும் 1827இல் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். ஓவன் தம் செல்வத்தில் பெரும்பகுதியை இழந்து விடைபெற்றார்.

அந்தப் பரிசோதனையை முற்றும் வீண் என்று தள்ளிவிட முடியாது. மக்ளூர் அழைத்து வந்த அறிஞர்களால் அந்தச் சிற்றூர் அறிவியலுக்கும் கல்விக்கும் பெயர் பெற்றது. ஓவனின் மகன் ராபர்ட் டேல் ஓவன் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, ஸ்மித்சோனியன் நிறுவனம் 1846இல் உருவாவதற்குத் துணை நின்றார். ‘சோசலிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் ஓவனைப் பின்பற்றியவர்களின் இதழில் அச்சேறியதும் நியூ ஹார்மனி உடைந்த அதே 1827இல்தான்.

எங்கெல்ஸ் சொன்ன பதில்

விசுவாசிகள் வென்றார்கள், சோசலிஸ்டுகள் தோற்றார்கள், ஆகவே கடவுள் இல்லாமல் கூட்டு வாழ்க்கை இல்லை என்பது பிரசங்கப் பதில். இதற்கு எதிர்ப்பதிலை 1844இல் ஒருவர் எழுதினார். வயது இருபத்து மூன்று. பக்தி நிறைந்த புரொட்டஸ்டன்ட் ஆலை முதலாளிக் குடும்பத்தில் பிறந்து விசுவாசத்தைக் கைவிட்ட பிரெடரிக் எங்கெல்ஸ்.

பொதுவுடைமை நடக்கவே நடக்காது என்பவர்களுக்குச் சான்று காட்ட விரும்பினார் எங்கெல்ஸ். அவர் காட்டிய சான்றுகளில் முதன்மையானவை அமெரிக்காவின் கிறிஸ்தவச் சமூகங்களே. ராப்பின் மக்கள், ஷேக்கர்கள், ஒகையோவின் ஸோவார் குழுவினர். அங்கே வறியவர் இல்லை, காவல்துறைக்கு வேலை இல்லை, களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்று வியந்தார். அவர்களுடைய மத நம்பிக்கைகள் விசித்திரமானவைதாம், ஆனால் வெற்றிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் வாதிட்டார். மார்க்சோடு சேர்ந்து 1848இல் ‘கம்யூனிஸ்ட் அறிக்கை’ எழுதியபோது இப்படிப்பட்ட சிறு குடியேற்றங்களையும் கிறிஸ்தவ சோசலிசத்தையும் இருவரும் கேலி செய்தார்கள். முதுமையில், 1894இல், ஆதிக் கிறிஸ்தவத்துக்கும் தொழிலாளர் இயக்கத்துக்கும் ஒற்றுமைகள் உண்டு என்று எங்கெல்ஸ் மீண்டும் எழுதினார். விட்டுவிட்ட ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பவரைப் போல.

எங்கெல்ஸ் சொன்னது சரியா? முற்றிலும் தவறு என்று தள்ள முடியாது. பிரான்ஸ் நாட்டு எத்தியேன் கபே 1849இல், மோர்மன்கள் மூன்றாண்டுகளுக்கு முன் கைவிட்ட நாவூ என்ற ஊரில், திருச்சபை எதுவும் இல்லாத ‘இக்கேரியா’ சமூகத்தை நிறுவினார். கம்யூனிசம்தான் உண்மையான கிறிஸ்தவம் என்று நூல் எழுதியவர் அவர். சண்டை வந்தது, 1856இல் அவரையே வெளியேற்றினார்கள், அதே ஆண்டு இறந்தும் போனார். ஆனாலும் அந்தச் சமூகத்தின் கிளை ஐயோவா மாநிலத்தில் 1898 வரை பிழைத்தது. போதகர் இல்லாமலும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! அவர்களிடம் ஒரே மொழி இருந்தது, கைத்தொழில் இருந்தது, சேர்வதற்குக் கட்டணமும் சோதனையும் இருந்தன. ஓவனின் ஊரில் இல்லாமல் போனவை இவைதாம்.

அதற்காக விசுவாசத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 120 பேரைப் புதைத்த ஊரில் மறுநாள் காலை மண்வெட்டியோடு போவதற்கு ஏதோ ஒன்று வேண்டும். கணக்குப் புத்தகத்தை எரிக்கும் துணிவு வாக்கெடுப்பில் வருவதில்லை. பகிர்வதற்கு உரிய காரணத்தை ஒவ்வொரு காலையும் புதிதாக விவாதிக்க வேண்டிய நிலையில் ஓவனின் மக்கள் இருந்தார்கள். ராப்பின் மக்களுக்கு அந்த விவாதம் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. ஆனால் அப்படி முடித்து வைத்தவர் ஒரே மனிதர். அங்கேதான் விலை தொடங்குகிறது.

வெளியேறியவர் கேட்ட கூலி

1824இல் ராப்பின் மக்கள் பென்சில்வேனியாவுக்கே திரும்பி, ஒகையோ ஆற்றங்கரையில் ‘எக்கானமி’ என்ற மூன்றாவது ஊரைக் கட்டினார்கள். 1831இல் தம்மை ஒரு பிரபு என்றும் தீர்க்கதரிசி என்றும் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். திருமணம் கூடாது என்ற விதியை அவர் ஏற்கவில்லை. ராப்பின் கட்டுப்பாட்டில் சலித்துப் போயிருந்தவர்கள், சமூகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், அவரோடு புறப்பட்டார்கள். அவர்களுக்கு 105,000 டாலர் கொடுத்துப் பிரிவை முடிக்க வேண்டியதாயிற்று.

கூட்டமாகப் போனவர்களுக்குப் பணம் கிடைத்தது. தனியாகப் போனவருக்கு? 1819இல் சேர்ந்து 27 ஆண்டுகள் உழைத்த ஒருவர் 1846இல் வெளியேறினார். கையில் 200 டாலர் கொடுத்து ஒரு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தம் பங்கு கேட்டு அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1856இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அவர் விரும்பிக் கையெழுத்திட்டிருக்கிறார், சங்கத்தின் விதிகளையும் விரும்பித்தான் ஏற்றார் என்றது தீர்ப்பு.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனாலும் 27 ஆண்டு உழைப்புக்கு 200 டாலர் என்ற எண் மனத்தை உறுத்துகிறது. பழைய கதை என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். கனடாவில் ஹட்டரைட் குடியிருப்பு ஒன்றில் வேறொரு சபையின் நம்பிக்கையை ஏற்றதற்காக நீக்கப்பட்டவர்கள் சொத்தில் பங்கு கேட்டபோது, 1970இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் பங்கு இல்லை என்றே சொன்னது. மனம் மாறும் உரிமை ஏட்டில் இருக்கிறது. வெறுங்கையோடு வெளியேற வேண்டும் என்றால் அந்த உரிமையைப் பயன்படுத்த எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

முதலாளிகளாகிப் போன பொதுவுடைமையாளர்கள்

1847இல் ராப் இறந்தார். கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தவர்கள் முதுமை அடைந்தார்கள். பிள்ளைகள் இல்லை. புதிய உறுப்பினர்களும் அதிகம் இல்லை. ஆனால் பணம் மட்டும் வளர்ந்தது. எண்ணெய்க் கிணறுகள், ரயில் பாதைகள், நிலக்கரி என்று முதலீடு பெருகியது. உழைக்க உறுப்பினர் இல்லாததால் கூலிக்கு ஆள் வைத்தார்கள். 1872இல் பீவர் ஃபால்ஸ் ஊரில் அவர்களுடைய கத்தித் தொழிற்சாலைக்கு, அங்கிருந்த தொழிலாளர்களுக்குப் பதிலாக ஒப்பந்தத்தில் சீனத் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டார்கள். தங்களுக்குள் எல்லாம் பொது. வெளியே இருந்தவர்களுக்கு அவர்கள் இன்னொரு முதலாளி. எங்கெல்ஸ் புகழ்ந்த சமூகம் முப்பது ஆண்டுகளுக்குள் வந்து நின்ற இடம் இது.

தங்களுக்குப் பின் யார் என்ற கவலை அந்த முதியவர்களுக்கும் இருந்தது. 1870களில் ரஷ்யப் பேரரசிலிருந்து டக்கோட்டாவுக்கு வந்து சேர்ந்த ஹட்டரைட்டுகளுக்கு அவர்கள் கடன் கொடுத்து உதவினார்கள். 1880களில் ஒரு குழுவைப் பென்சில்வேனியாவில் தங்கள் நிலத்திலேயே குடியேறவும் செய்தார்கள். மலையும் காடுமான அந்த நிலம் சமவெளி விவசாயிகளுக்கு ஒத்துவரவில்லை. சில ஆண்டுகளில் அவர்கள் டக்கோட்டாவுக்கே திரும்பிவிட்டார்கள்.

கடன் வாங்கியவர்கள் இன்று இருக்கிறார்கள், கொடுத்தவர்கள் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹட்டரைட்டுகள் இன்று ஏறக்குறைய 50,000 பேர். அவர்களும் ஒரு காலத்தில், 1819இல், கூட்டுடைமையைக் கைவிட்டவர்கள்தாம். நாற்பது ஆண்டு கழித்து உக்ரேனில் ஒரு கொல்லர் அதை மீண்டும் தொடங்கி வைத்தார். குடும்பமும் குழந்தைகளும் உண்டு. ஒரு குடியிருப்பில் நூற்றைம்பது பேர் அளவுக்கு வந்துவிட்டால் நிலம் வாங்கி இரண்டாகப் பிரிவார்கள். எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அளவுக்குள் சமூகத்தை வைத்திருப்பது அவர்கள் கண்ட வழி. உலகத்தைத் திருத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. சோசலிஸ்ட் என்று அழைத்தால் மறுப்பார்கள்.

ராப்பின் சங்கம் 1905இல் கலைக்கப்பட்டது. விரல்விட்டு எண்ணும் உறுப்பினர்களே மிஞ்சியிருந்தார்கள். எக்கானமி ஊரின் நிலத்தில் பெரும்பகுதியை ஒரு பாலம் கட்டும் நிறுவனம் வாங்கியது. மீந்த பழைய வீடுகளைப் பென்சில்வேனியா அரசு அருங்காட்சியகமாகப் பாதுகாக்கிறது.

நியூ ஹார்மனியில் ஓவன் நின்று பேசிய தேவாலயம் இன்று இல்லை. 1874இல் எக்கானமியின் முதியவர்கள் அதை இடிக்கச் செய்து, அந்தச் செங்கற்களைக் கொண்டு, காய்ச்சலிலும் முதுமையிலும் அங்கே இறந்த தங்கள் மக்களின் இடுகாட்டைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதிலுக்குள் 230 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறைக் கல் ஒன்றுகூட இல்லை. யார் அதிகம் கொண்டுவந்தவர், யார் வெறுங்கையோடு வந்தவர் என்று சொல்ல அங்கே எதுவும் எழுதப்படவில்லை.